கரிவர்தன் கட்டிய வண்டி: புதிதாக ரேஸுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

கொடைரோடு ரயில் நிலைய வாசலில் அம்பாசடரும் ஃபியட்டும் வரிசைகட்டி நின்ற காலம் ஒன்று இருந்தது. கொடைக்கானல் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கி, அந்த டாக்ஸிகளில்தான் மலை ஏறுவார்கள். அந்த வண்டிகளுக்கு பிரேக், கிளட்ச், கார்புரேட்டர் பார்த்துப் பிழைத்தவன் நான். நாங்கள் இங்கே மலை ஏற்றிய அதே ஃபியட்டையும் அதே அம்பாசடரையும் சோழவரத்தில் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. அந்தக் காலத்து ரேஸ்காரர்களில் என் மனதில் முதலில் நிற்பவர் கோவை எஸ். கரிவர்தன். எல்லோருக்கும் அவர் கரி. வண்டியை ஓட்டவும் தெரிந்தவர், தன் பட்டறையிலேயே வண்டியைக் கட்டவும் தெரிந்தவர்.

இப்போது திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து, "ரேஸ் ஓட்டணும் தாத்தா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். தம்பி, தங்கச்சி, இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஆண்களோடு ஒரே தளத்தில் ஓடிக் காட்டிவிட்டார். அந்த விஷயத்தில் இனி விவாதம் தேவையில்லை.

1. கையில் இருக்கிற வண்டியில் தொடங்கு

நல்ல வண்டி கிடைத்தபிறகு பழகலாம் என்று காத்திருக்காதே. அறுபது, எழுபதுகளில் நம் நாட்டில் வாங்கக் கிடைத்த கார்கள் ஏறக்குறைய மூன்றே மூன்று. பம்பாய் பிரீமியர் தொழிற்சாலையின் ஃபியட் 1100, கல்கத்தா அருகே உத்தர்பாராவின் அம்பாசடர், சென்னைக்கு வெளியே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, உதிரிபாகத்துக்கும் கட்டுப்பாடு. மகாராஜாக்களும் பெரும் பணக்காரர்களும் வேறு வண்டி கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் குடும்பக் காரைத்தான் பந்தயக் காராக்கினார்கள்.

ஃபியட்டின் இன்ஜின் 1089 சிசி. பெரிய சக்தி ஒன்றும் கிடையாது. சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள், உள்ளே காற்று போகும் வழியைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள், ஃப்ளைவீலை லேத்தில் பிடித்து எடை குறைப்பார்கள். எல்லாம் நம் ஊர் லேத், நம் ஊர் ஆட்கள் கைவேலை. வெளிநாட்டிலும் சாதாரணக் காரை யாரும் தாழ்வாக நினைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஜிம் கிளார்க் 1963இல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன். மறு வருஷமே லோட்டஸ் கார்ட்டினா என்ற குடும்பக் காரை ஓட்டி பிரிட்டனின் சலூன் கார் சாம்பியன் ஆனார். உன் அப்பாவின் பழைய ஸ்விஃப்ட்டோ, மாமாவின் ஆல்ட்டோவோ, எதுவானாலும் சரி. அதை முழுதாகத் தெரிந்துகொள். பிறகு அடுத்ததைப் பற்றிப் பேசு.

2. நிறுத்தத் தெரிந்தபிறகு வேகம்

காட்ரோட்டில் ஏற்றம் தொடங்கினால் டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று கொடைக்கானல் வரை வளைவுக்கு மேல் வளைவு. ஏறுவது இன்ஜினுக்குச் சோதனை, இறங்குவது ஓட்டுகிறவருக்குச் சோதனை. பழைய கார்களில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி விரியும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் பழையதானால் இன்னும் ஆபத்து. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் பெடலில் பிடிப்பே இருக்காது.

அதனால்தான் எங்கள் டிரைவர்கள் எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்குவார்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக் அவசரத்துக்கு மிச்சம் இருக்கும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவனை மலை மன்னிக்காது.

ரேஸ் தளத்திலும் பாடம் இதேதான். பிரேக்கை நேரான பாதையிலேயே முடி. வளைவுக்குள் நுழையும்போது வேகம் குறைந்திருக்கட்டும், வெளியேறும்போது கூடட்டும். பிரேக் மிதித்தால் எடை முன் சக்கரத்துக்கு வரும், பின் சக்கரம் லேசாகும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினால் பின்பக்கம் உன்னை முந்திக்கொண்டு வரும். முதல் ஆறு மாதம் நேரத்தை அளக்காதே. எங்கே பிரேக் பிடித்தாய், எவ்வளவு சீராகப் பிடித்தாய் என்பதை மட்டும் பார்.

3. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம் உண்டு, அதைப் படி

ஹெரால்டு அழகான கார். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். பானெட் முழுதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், மெக்கானிக்குக் கைவைக்க அவ்வளவு வசதி. குறுகலான இடத்தில் சட்டென்று திரும்பும். ஆனால் அதன் பின் அச்சில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு பின் சக்கரமும் நடுவிலிருந்து தனித்தனியாக ஆடும். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், வண்டியின் பின்பக்கம் தூக்கும். சக்கரங்கள் அடியில் உள்ளே மடங்கும். டயர் தரையைத் தொடும் பரப்பு குறைந்து பின்பக்கம் வீசிவிடும். ஹெரால்டை ஓட்டத் தெரிந்தவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனபிறகு மிதியை ஒரே சீராக வைத்திருப்பார்கள். பிற்பாடு அதே நிறுவனத்திலிருந்து வந்த கெசல் காரில் பின் அச்சை ஒரே தண்டாக மாற்றினார்கள்.

அம்பாசடர் 1489 சிசி, நல்ல கனம். திருப்பினால் யோசித்துத்தான் திரும்பும். ஆனால் குண்டும் குழியுமான தளத்தில் உடையாது. ஃபியட் இரண்டுக்கும் நடுவே. லேசானது, சொன்னதைக் கேட்கும். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் இருப்பதால் கை பழக நாளாகும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் கணக்கே மாறியது. அதில் முன் சக்கரம்தான் இழுக்கிறது. வளைவில் அதிக வேகத்தில் நுழைந்தால் திருப்பிய பக்கம் வராமல் நேராகப் போகப் பார்க்கும். ஹெரால்டில் காலை எடுப்பது தவறு. மாருதியில் காலைக் கொஞ்சம் எடுத்தால் மூக்கு உள்ளே வரும். ஒரு வண்டியில் படித்த பாடத்தை அப்படியே இன்னொரு வண்டியில் ஒப்பிக்காதே.

4. சக்தியைக் கூட்டுமுன் எடையைக் குறை

மாருதி 800இன் இன்ஜின் 796 சிசி, மூன்றே சிலிண்டர். 40 குதிரைசக்திகூடக் கிடையாது. ஆனால் வண்டியின் எடை ஏறத்தாழ 650 கிலோதான், அம்பாசடரோ 1,000 கிலோவுக்கு மேல். அந்தச் சின்ன வண்டி பெரிய வண்டிகளை விரட்டியதற்குக் காரணம் இதுதான். எடை குறைந்தால் கிளம்புவதும் சுலபம், நிற்பதும் சுலபம், திரும்புவதும் சுலபம். டயரும் பிரேக்கும் கூடுதல் நாள் வரும். இன்ஜினில் போடும் காசு நேர்ப்பாதையில் மட்டும் பேசும். எடையைக் குறைப்பதில் போடும் உழைப்பு ஒவ்வொரு அடியிலும் பேசும்.

ஒன்று நினைவில் வை. பின் சீட், விரிப்பு, கதவுப் பலகை இவற்றைக் கழற்று. ரோல் கேஜ், நல்ல சீட், ஐந்து அல்லது ஆறு முனை பெல்ட், தீயணைப்பான் இவற்றின் எடையைப் பற்றி யோசிக்கவே கூடாது. அவை இல்லாத வண்டியில் ஏறாதே.

5. இன்ஜின் சுவாசிப்பதைக் கவனி

கொடைரோடு கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்துக்குள்தான். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல். அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும், இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவே குறையும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே கொடுத்த அளவு பெட்ரோலையே மேலேயும் கொடுக்கும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். கறுப்புப் புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், வண்டி இழுக்காது. அதற்காக மேலே இருக்கிற ஆட்கள் சின்ன ஜெட் போட்டுக்கொள்வார்கள். அதே ஜெட்டோடு கீழே இறங்கி நெடுஞ்சாலையில் விரட்டினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும், பிஸ்டன் உருகும்வரைகூடப் போகும்.

இன்றைய கார்களில் கம்ப்யூட்டரே இதைச் சரிசெய்துகொள்கிறது. இருந்தாலும் நீ பிளக்கைக் கழற்றிப் பார்க்கக் கற்றுக்கொள். முனை இளம் பழுப்பாக இருந்தால் இன்ஜின் நலம். கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் சூடு அதிகம். சோழவரத்து மெக்கானிக்குகளிடம் லேப்டாப் இல்லை. காதும் மூக்கும் இந்தப் பிளக்கும்தான் இருந்தன.

6. பொதுச் சாலை பந்தயத் தளம் கிடையாது

இதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். கொடைக்கானல் சாலையில் மலைப்பூண்டும் கேரட்டும் ஏற்றிய லாரி வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள். நிலக்கோட்டை மல்லிகையை விடியுமுன் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் பைக்கில் போகிறார். நான்குவழிச் சாலையில் சுங்கச்சாவடி தாண்டியதும் ஒருவரை ஒருவர் விரட்டி அதை செல்போனில் படம் எடுத்துப் போடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. நிஜமான ரேஸ்காரர்கள் சோழவரம் போனதே சாலையை விட்டு விலகி ஓட்டத்தான்.

உனக்கு இன்று வழி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் நிரந்தரத் தளம் இருக்கிறது, ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் கரியின் பெயரிலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 1971இல் உருவான இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு லைசென்ஸ் தருகிறது. பயிற்சிப் பள்ளியில் சேர், லைசென்ஸ் எடு, தளத்தில் ஓட்டு. கொடைரோட்டிலிருந்து செட்டிபாளையம் சில மணி நேரப் பயணம்தான்.

7. எல்லோருக்கும் ஒரே வண்டி இருக்கும் இடத்தில் உன்னை அளந்து பார்

கரியின் மிகப்பெரிய வேலை இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அவர் கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. பணத்தைக் கொட்டி வெளிநாட்டு ரேஸ் கார்களை மட்டும் ஓட்டி, கோப்பை வாங்கி, திருப்தியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறு. பந்தயம் என்பது அன்று காசு உள்ளவன் ஜெயிக்கும் ஆட்டமாக இருந்தது. யாரிடம் இறக்குமதி வண்டி இருக்கிறதோ அவன் முன்னால் போவான். ஓட்டும் திறமை உள்ள ஏழைப் பையன் வேலிக்கு வெளியே நின்று கைதட்டுவான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் தன் சூப்பர் ஸ்பீட்ஸ் பட்டறையிலிருந்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கொண்டுவந்தார். இன்ஜினும் கியர்பாக்ஸும் மாருதி 800இன் பாகங்கள். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பழுது பார்ப்பான். இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, குழாய்ச் சட்டம் கட்டி, உண்மையான ரேஸ் கார் உருவத்தைக் கொடுத்தார். ஒரே மாதிரி பல வண்டிகள். ஆக, முன்னால் போகிறவன் வண்டியால் போகவில்லை, ஓட்டுகிற விதத்தால் போகிறான் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இதன் பலனைப் பார். கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில்தான் பந்தயம் பழகினார். பிறகு பிரிட்டன் போனார், 1996இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன் ஆனார், 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஓட்டி இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். தொடக்கத்தில் அவர் கால் அழுத்தியது நம் ஊர்த் தெருவில் ஓடும் 796 சிசி இன்ஜினைத்தான். அவர் ஃபார்முலா ஒன் வரை போனதைப் பார்க்கக் கரி இல்லை. 1995இலேயே, நாற்பதைத் தாண்டிய வயதில், விமான விபத்தில் போய்விட்டார்.

உனக்கு நான் சொல்வது இது: ஒரே வகை வண்டிகள் ஓடும் போட்டியில் முதலில் சேர். தோற்றால் வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஜெயித்தால் அந்தப் பெருமையில் வேறு யாருக்கும் பங்கில்லை.

8. பட்டறையில் நில், நோட்டில் எழுது

ஓட்ட மட்டும் வருகிறவன் பாதி ரேஸ்காரன். போல்ட்டை எத்தனை இறுக்கம் முடுக்கினோம், டயரில் காற்று எவ்வளவு, சூடான பிறகு எவ்வளவு, எந்த வளைவில் வண்டி எப்படி நடந்துகொண்டது, எல்லாவற்றையும் அன்றே எழுது. மறுநாள் எழுதினால் மனம் தனக்குப் பிடித்ததைத்தான் எழுதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய். இரண்டு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

மெக்கானிக்கை மரியாதையாக நடத்து. அவர் வயதில் சின்னவரானாலும் "வாங்க, போங்க" என்று பேசு. உன் உயிர் அவர் முடுக்கிய நட்டில்தான் ஓடுகிறது. தளத்தின் ஓரத்தில் வெயிலில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்களுக்கு ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் நன்றி சொல். அவர்களில் பெரும்பாலோர் ஆசையால் வந்து நிற்கிறவர்கள்.

9. பழைய வண்டியையும் அதைத் தொட்டவர்களையும் பதிவு செய்

சோழவரத்தில் ஓடிய சலூன் கார்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. பந்தயம் முடிந்ததும் சிலவற்றை மறுபடி டாக்ஸியாக்கினார்கள், சிலவற்றை இரும்புக் கடைக்குப் போட்டார்கள். 2014இல் அம்பாசடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் நின்றது. இந்த வண்டிகள் இனி குறைந்துகொண்டுதான் போகும்.

உன் தெருவில் ஒரு பழைய ஃபியட் நின்றால் சொந்தக்காரரைக் கேட்டுப் படம் எடு. ஆர்.சி. புக்கைப் பத்திரமாக வைக்கச் சொல். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் குறித்துக்கொள். அந்தக் காலத்து டிரைவர், மெக்கானிக், டிங்கர் யாராவது ஊரில் இருந்தால் செல்போனில் அவர் குரலைப் பதிவு செய். அசல் பாகத்தைத் தூக்கி எறியாதே. புதிது போட்டாலும் பழையதைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெயர் எழுதி வை. கோவைக்குப் போனால் ஜி.டி. நாயுடு பெயரில் இயங்கும் அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போ. கார் என்பது எப்படி வளர்ந்தது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். பழையதை அறியாமல் புதியதைக் கட்ட வருகிறவர், யாரோ எப்போதோ தீர்த்துவிட்ட சிக்கலில் தன் வயதைச் செலவழிப்பார்.

10. அடுத்தவர் ஓட்ட ஒரு வண்டி வைத்துவிட்டுப் போ

மேலே சொன்ன ஒன்பதும் இதற்காகத்தான். கோப்பை வாங்கியவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலரின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கரியின் பெயர் ஒரு ரேஸ் தளத்துக்கு வந்ததற்குக் காரணம் அவர் கடந்த வேகம் மட்டுமில்லை. தனக்குப் பின்னால் வந்த பையன்கள் உட்கார்ந்து ஓட்ட அவர் வண்டி கட்டிக் கொடுத்தார். பின்னாளில் நம் தளங்களில் வந்த எல்ஜிபி ஃபார்முலா கார்களும் இதே வழியில் நடந்தவைதான். அவற்றிலும் நம் ஊர்க் காரின் இன்ஜின்தான் இருந்தது.

நீ பெரிய ஆளாக வந்தபிறகு செய்யலாம் என்று இதைத் தள்ளிப்போடாதே. உனக்குத் தெரிந்த ஒன்றை, உன்னைவிடச் சின்னவருக்கு இந்த வாரமே சொல்லிக்கொடு. பிளக் பார்ப்பது எப்படி என்று காட்டு. உன் ஹெல்மெட் சிறிதாகிப் போனாலும், விழுந்து அடிபட்டிருந்தாலும், கெடு தாண்டியிருந்தாலும் அதை யாருக்கும் கொடுக்காதே. அது ஆபத்து. ஆனால் உன் நோட்டைக் கொடு, உன் கருவிப்பெட்டியைப் பகிர், தளத்துக்குப் போகும்போது பக்கத்துச் சீட்டில் ஒரு பிள்ளையை அழைத்துப் போ.

கொடைரோட்டுப் பக்கம் வந்தால் என் பட்டறைக்கு வாருங்கள். வரும்போது வேலை செய்யும் உடையில் வாருங்கள். முதல் நாள் பிரேக் டிரம்மைக் கழற்றித் துடைத்து, லைனிங் பார்த்து, மறுபடி மாட்டுவதுதான் பாடம். அதைச் சரியாகச் செய்கிறவர்களோடு வேகத்தைப் பற்றிப் பேசுகிறேன்.